நதியின் பக்கம் நின்ற கேமரா

2020ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிடும் சுற்றுச்சூழல் சட்ட ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்புக்குக் கீழே நான்கு ஆசிரியர்களின் பெயர்கள். மூன்று பேர் ஆய்வாளர்கள். முதலில் நின்ற பெயர் ஒரு நதியுடையது: மார்த்துவாரா. மறு ஆண்டு வேறொரு சட்ட ஆய்விதழில் இன்னொரு கட்டுரை. அதிலும் மார்த்துவாராதான் முதல் ஆசிரியர். சட்டப் பேராசிரியர்கள் எல்லாம் அதற்குப் பின்னால். கவனத்தை ஈர்ப்பதற்காகச் செய்த வித்தை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கட்டுரையில் பேசப்படும் அறிவு எங்கிருந்து வந்ததோ, அந்த மூலத்தை ஆசிரியர் என்று குறிப்பதே நேர்மை என்ற உறுதியான வாதம் அதற்குப் பின்னால் இருந்தது.

அந்த வாதத்தைப் பல்கலைக்கழக உலகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஆன் போலினா. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியைச் சேர்ந்த ஞிகினா வார்வா தொல்குடிப் பெண். புரூம் நகரில் உள்ள நோட்ரடேம் பல்கலைக்கழகத்தின் நுலுங்கு ஆய்வு நிறுவனத்தில் தொல்குடி அறிவு மரபுக்கான பேராசிரியர். பொதுச் சுகாதாரமும் வெப்பமண்டல மருத்துவமும், கல்வியியல், தொல்குடிச் சமூகக் கொள்கை என்று மூன்று முதுகலைப் பட்டங்கள். அவற்றோடு இரண்டு முனைவர் பட்டங்கள். இரண்டாவது முனைவர் பட்ட ஆய்வு முழுக்க முழுக்க மார்த்துவாராவைப் பற்றியது. இவ்வளவு இருந்தும், தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது அவர் முதலில் சொல்வது, தான் அந்த ஆற்றுக்கு உரிய பெண் என்பதைத்தான். இதோடு சேர்த்துப் படங்களும் எடுக்கிறார்.

ஆய்வுக் கட்டுரையும் ஆவணப்படமும் வேறு வேறு உலகங்கள் என்று நினைப்பது நம் வழக்கம். போலினாவின் பணியில் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன: ஆற்றங்கரை மக்கள் சொல்வதைச் சாட்சியமாகப் பதிந்து வைப்பது. நாளைக்கு எந்த அமைச்சரும், எந்தச் சுரங்க நிறுவனமும் ‘எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே’ என்று சொல்ல முடியாதபடி பதிந்து வைப்பது.

மார்த்துவாராவுக்கு வரைபடத்தில் வேறு பெயர்: ஃபிட்ஸ்ராய் ஆறு. 1838இல் பீகிள் கப்பலில் வந்த ஆங்கிலேய அதிகாரிகள் அதன் முகத்துவாரத்தைக் கண்டு, தங்கள் முன்னாள் கேப்டனின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். சார்லஸ் டார்வினை உலகம் சுற்றி அழைத்துச் சென்ற அதே ராபர்ட் ஃபிட்ஸ்ராய்தான். இந்த ஆற்றை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

நீளம் ஏறத்தாழ 733 கிலோமீட்டர். வடிநிலம் சுமார் 94,000 சதுர கிலோமீட்டர். கிம்பர்லியின் மலைத்தொடர்களில் பிறந்து, டெர்பி ஊருக்கு அருகே கிங் சவுண்ட் வளைகுடாவில் கலக்கிறது. 11 மீட்டருக்கும் மேல் கடல் ஏறி இறங்கும் வளைகுடா அது; ஆஸ்திரேலியாவில் அவ்வளவு பெரிய ஓதம் வேறெங்கும் இல்லை. ஆண்டில் பாதி மழை, பாதி வறட்சி. மழைக்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளம் பரவும். வறட்சியில் மணல் திட்டுகளுக்கு நடுவே வரிசையாக மடுக்கள் மட்டும் மிஞ்சும். அந்த மடுக்களில்தான் அடுத்த மழை வரைக்குமான உயிர்கள் எல்லாம் ஒதுங்கியிருக்கும்.

ஆற்றின் நடுப்பகுதியில் டாங்கு என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 35 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் இருந்த பவளத்திட்டுதான் இன்று சுண்ணாம்புப் பாறைச் சுவராக நிற்கிறது. படகில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் சுவர் இரண்டு நிறமாகத் தெரியும். கீழ்ப்பகுதி சலவை செய்தாற்போல் வெளுத்திருக்கும். மேற்பகுதி துருவேறிய செம்மை. வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்பதை ஆறே தேய்த்துத் தேய்த்து எழுதி வைத்த கோடு அது. இங்கிருந்து கடல் 350 கிலோமீட்டர் தூரம். ஆனாலும் இந்த நன்னீரில் திருக்கை மீன் இருக்கிறது. வேளா மீன் இருக்கிறது.

வேளா மீன் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். நம் கடற்கரை மீனவர்களுக்கு ஒரு காலத்தில் நன்றாகப் பழக்கமான மீன்தான். மூக்கு ரம்பம்போல் நீண்டு இருபுறமும் பல் வைத்திருக்கும். உலகம் முழுவதும் அருகிவிட்ட இந்தப் பேரினத்தின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று மார்த்துவாரா. தாய்மீன் முகத்துவாரத்தில் குட்டி போடும். முக்கால் மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளத்தில் பிறக்கும் குட்டிகள், மழைவெள்ளம் வரும்போது ஆற்றில் ஏறி உள்நாட்டுக்கு வந்துவிடும். நான்கைந்து ஆண்டுகள் மடுக்களில் வளர்ந்து, உடல் தேறிய பிறகே கடலுக்குத் திரும்பும். பெருவெள்ளம் வரும் ஆண்டுகளில்தான் குட்டிகள் நிறையத் தேறுகின்றன என்று மீன் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ‘வெள்ளநீர் வீணாகக் கடலுக்குப் போகிறது, அதைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன’ என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. 2018 டிசம்பரில், கடும் வெயிலில் வற்றிப்போன ஓர் ஓடையில் 40க்கும் மேற்பட்ட வேளா மீன்கள் செத்துக் கிடந்தன. இவ்வளவு அரிய இனத்துக்கு அது சின்ன இழப்பு இல்லை.

ஆற்றின் பிறப்பைப் பற்றி ஞிகினா மக்கள் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் கதை ஒன்று உண்டு. வூன்யூம்பூ என்ற மூதாதை, யூங்குரூக்கூ என்னும் வானவில் பாம்பை ஈட்டியால் குத்தினான். ஈட்டியைப் பிடித்தபடியே அதன் முதுகில் தொற்றிக்கொண்டான். பாம்பு வளைந்து நெளிந்து வானுக்கும் மண்ணுக்குமாகப் பாய்ந்தது. அது போன தடமே ஆறாயிற்று. மேல்பகுதியில் வாழும் புனுபா, கூனியாண்டி, ஙரின்யின் மக்களுக்கும், பாலைவிளிம்பில் வாழும் வல்மஜாரி, மங்களா மக்களுக்கும் தங்கள் தங்கள் பகுதிக்கு உரிய கதைகளும் பாடல்களும் இருக்கின்றன. இவற்றை வெறும் புராணமாக எடுத்துக்கொண்டால் விஷயம் கைநழுவிவிடும். எந்த மடுவில் யார் மீன் பிடிக்கலாம், எந்தக் காலத்தில் பிடிக்கக்கூடாது, எந்த இடத்துக்கு யார் போகக்கூடாது, ஆற்றின் மேல்பகுதிக்காரர் கீழ்ப்பகுதிக்காரருக்கு என்ன கடமைப்பட்டவர் என்பதெல்லாம் இந்தக் கதைகளுக்குள்தான் இருக்கின்றன. அதனால்தான் போலினாவும் மற்றவர்களும் இதை ‘முதல் சட்டம்’ என்கிறார்கள். ஆங்கிலேயர் சட்டம் வருவதற்கு முன்பே இங்கே சட்டம் இருந்தது என்பது அவர்கள் நிலைப்பாடு.

பின்னாளில் வந்தவர்களின் சட்டம் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு ஆற்றங்கரையே சாட்சி. 1879இல் அலெக்சாண்டர் ஃபாரஸ்ட் இப்பகுதியை அளந்து விட்டுப் போனார். 1880களில் ஆட்டுப் பண்ணைகளும் மாட்டுப் பண்ணைகளும் வந்தன. எதிர்த்து நின்ற புனுபா வீரன் ஜண்டமாரா 1897இல் சுட்டுக் கொல்லப்பட்டான். தொல்குடிக் கைதிகளைக் கழுத்துச் சங்கிலியால் பிணைத்து நடத்திச் செல்வது வழக்கமாக இருந்தது; 1905இல் வெளியான வால்டர் ராத்தின் அரசு விசாரணை அறிக்கை அதை நாட்டுக்கு அம்பலப்படுத்தியது. பண்ணைகளைக் கட்டி எழுப்பியதே தொல்குடி மக்களின் கூலியில்லா உழைப்புதான். 1960களின் இறுதியில் சம ஊதியம் சட்டமானபோது, ஊதியம் கொடுக்க மனமில்லாமல் அவர்களைப் பண்ணைகளிலிருந்து வெளியேற்றினார்கள். பிறந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஊர் ஓரங்களில் முகாமிட்டார்கள்.

இந்த வரலாறு முழுவதிலும் கேமரா இருந்தது. ஆனால் அது எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

1898இல் டோரஸ் நீரிணையின் மெர் தீவில் ஆல்ஃபிரட் ஹாடன் எடுத்த சில நிமிடத் துணுக்குகளே, ஆய்வுக்களத்தில் எடுக்கப்பட்ட முதல் மானுடவியல் படம் என்பார்கள். 1901இல் பால்ட்வின் ஸ்பென்சர் நடு ஆஸ்திரேலியாவுக்குப் படக்கருவியைச் சுமந்து சென்று அரெர்ந்தே மக்களின் சடங்குகளைப் பதிவு செய்தார். வெளியாருக்குக் காட்டக்கூடாத சடங்குகளும் அப்படிப் பல பதிவுகளில் சேர்ந்துவிட்டன. அவற்றை யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாட்டை அருங்காட்சியகங்கள் ஏற்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. கிம்பர்லியில் கழுத்துச் சங்கிலியோடு நிற்பவர்களின் புகைப்படங்கள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. அந்த முகங்களில் பலவற்றுக்குப் பெயரில்லை. படம் எடுத்தவர் யார், எடுக்கப்பட்டவர்கள் சம்மதித்தார்களா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

மாற்றம் மெதுவாக வந்தது. ஞிகினா மூத்தவரான பேடி ரோ, புரூம் பகுதியில் தன் கதைகளை ஸ்டீபன் மியூக் என்ற ஆய்வாளரிடம் சொன்னார். மியூக் அவற்றைத் திருத்தவோ மெருகேற்றவோ இல்லை. ரோ பேசிய ஆங்கிலத்தையும் அவர் மூச்சுவிட்ட இடங்களையும் அப்படியே வரிகளாக்கினார். 1983இல் வந்த அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் பேடி ரோதான். சொல்பவரே ஆசிரியர் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது. நதியே ஆசிரியர் என்பதற்கு அங்கிருந்து நெடுந்தூரம் இருந்தாலும், வழி அதுதான் என்று தோன்றுகிறது.

போலினாவோடு கைகோத்தவர் மகாலி மெக்டஃபி. இவர் தொல்குடிக்கு வெளியிலிருந்து வந்த படைப்பாளி. படம் இயக்குபவர், ஆய்வாளரும்கூட. ஞிகினா பெண்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் படமெடுத்த அனுபவத்தையே ஆய்வாக்கி, 2019இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் தலைப்பே ஞிகினா மொழியில் தொடங்குகிறது. எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்பதைப் பெண்களோடு கூடி முடிவு செய்வது இவர்கள் வேலைமுறை. இயக்குநரின் பார்வை முதன்மையானது என்ற சினிமாப் பழக்கத்துக்கு இது நேர்மாறு. இப்படிச் செய்தால் படம் தாமதமாகும். சில சமயம் மிக நல்ல காட்சிகளைக் கைவிட வேண்டி வரும். விருதுகளை மட்டும் மனத்தில் வைத்து வேலை செய்பவர்களால் இந்தப் பொறுமையைக் கடைப்பிடிக்க முடியாது.

இந்தக் கூட்டு உழைப்பில் அதிகம் பேசப்பட்ட படம் 2015இல் வந்த ‘த்ரீ சிஸ்டர்ஸ், விமன் ஆஃப் ஹை டிகிரி’. மெக்டஃபி இயக்கியது. மூத்த பெண்களான லூசி மார்ஷல், ஜீனி வார்பி, அவர்களோடு ஆன் போலினா: இந்த மூன்று சகோதரிகளே படத்தின் மையம். கீழ் மார்த்துவாராவோடு தங்களுக்குள்ள உறவை அவர்கள் சொல்கிறார்கள். அப்போது அந்த வடிநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டிருந்தது. நிலத்தைப் பிளந்து எரிவாயு எடுக்கும் திட்டங்களும் வரிசையில் இருந்தன. அந்த நேரத்தில் இந்தப் பெண்கள் கேமராவுக்கு முன் உட்கார்ந்து, இது எங்கள் நாடு, இதன் தண்ணீர் இப்படி ஓடுகிறது, இதன் மருந்தும் உணவும் இவை என்று சொல்வது ஒரு நினைவலைப் படம் இல்லை. வாக்குமூலம். பின்னாளில் ஆற்றுக்காகக் குரல் கொடுக்கும் மற்ற தொல்குடித் தலைவர்களை வைத்து ‘எ வாய்ஸ் ஃபார் மார்த்துவாரா’ என்ற படமும் வந்தது.

இந்த வகைப் படங்களின் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வரும்: இறந்தவர்களின் உருவமும் குரலும் இதில் இருக்கலாம். இறந்தவர் பெயரைச் சொல்லாமல், படத்தைப் பார்க்காமல் துக்கம் காக்கும் மரபு பல தொல்குடிச் சமூகங்களில் உண்டு. அப்படியிருந்தும் மூத்த பெண்கள் படமாகச் சம்மதிக்கிறார்கள் என்றால், தங்களுக்குப் பிறகும் அந்தக் குரல் வேலை செய்ய வேண்டும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள் என்றே பொருள்.

ஆற்றங்கரை அறிவு என்று பொதுவாகச் சொல்வதை ஒரு மரத்தை வைத்துப் பார்க்கலாம். மார்த்துவாராவின் கரைகளில் நன்னீர்க் கண்டல் ஒன்று வளர்கிறது. தமிழில் நாம் செங்கடம்பு என்று அழைக்கும் அதே இனம்தான். ஞிகினா, மங்களா மக்களுக்கு அது முஜாலா. பட்டையை நசுக்கி மடுவில் கலக்கினால் மீன்கள் மயங்கி மேலே மிதக்கும். தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதே பட்டை வலிக்கும் மருந்து. 1980களில் ஜார்ல்மடங்கா சமூகத்தின் மூத்தவர் ஒருவரின் விரலை முதலை கடித்துத் துண்டித்துவிட்டது. பக்கத்தில் மருத்துவமனை கிடையாது. அவர் அந்தப் பட்டையை மென்று காயத்தில் அப்பிக்கொண்டார், வலி அடங்கிற்று. பின்னர் அந்தச் சமூகமும் கிரிஃபித் பல்கலைக்கழகமும் சேர்ந்து பட்டையிலுள்ள வலிநிவாரணச் சேர்மங்களை ஆராய்ந்து, கூட்டாகக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தன. அறிவு யாருடையதோ அவர்களுக்கே உரிமையில் பங்கு என்பது அரிதாக நடக்கும் காரியம். ஆறு வற்றினால் கரையிலிருக்கும் இந்த மரமும் போகும், மரத்தோடு அதைப் பற்றிய அறிவும் போகும். போலினா பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு நதிச் சட்டத்துக்கு வந்தது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதிலேயே விடை இருக்கிறது: அங்கே தண்ணீர் நலமும் மனிதர் நலமும் ஒரே கணக்கில் வருகின்றன.

போராட்டமும் இங்கே புதிதல்ல. 1980இல் ஆற்றங்கரையில் உள்ள நூன்கன்பா பண்ணையில், புனிதத் தலத்துக்கு அருகே எண்ணெய் தேடித் துளையிட மாநில அரசு துணைநின்றது. அதற்கான எந்திரங்கள் லாரி அணிவகுப்பாக, போலீஸ் காவலோடு புறப்பட்டன. மக்கள் சாலையை மறித்துக் கைதானார்கள். கடைசியில் துளையிட்டார்கள், எண்ணெய் இல்லை. அந்த ஆண்டே ஆஸ்திரேலியத் தொல்குடித் தூதுக்குழு ஜெனீவாவுக்குச் சென்று ஐ.நா. அமைப்பின் முன் முறையிட்டது. ஆற்றைத் திருப்பிப் பயிர் செய்ய முயன்ற கதையும் உண்டு. 1950களில் கம்பாலின் என்ற இடத்தில் அணையும் வாய்க்காலும் கட்டி நெல் பயிரிட்டார்கள். பிறகு வேறு முதலாளிகள், வேறு பயிர்கள். வெள்ளம் திரும்பத் திரும்பக் கரைகளை உடைத்தது. 1983 வெள்ளத்தோடு கதை முடிந்தது. அங்கே ஆற்றுக்குக் குறுக்கே எழுந்த தடுப்பணை மட்டும் இன்னும் நிற்கிறது. நீர் குறைந்த மாதங்களில் வேளா மீன் குட்டிகளின் வழியை அது மறிக்கிறது.

2016 நவம்பர் 3ஆம் தேதி, ஃபிட்ஸ்ராய் கிராசிங் ஊரில் ஆற்றின் மரபுவழி உரிமையாளர்கள் கூடி ‘ஃபிட்ஸ்ராய் ஆற்றுப் பிரகடனம்’ செய்தார்கள். ஆறு உயிருள்ள மூதாதை, அதற்கு வாழும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். தொல்குடியின் முதல் சட்டத்தையும் இயற்கையின் உரிமையையும் ஒருசேர வெளிப்படையாகச் சொன்ன முதல் ஆஸ்திரேலிய உடன்படிக்கை அதுவே என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 2018இல் ஆற்றின் பல தொல்குடித் தேசத்தாரும் சேர்ந்து மார்த்துவாரா ஃபிட்ஸ்ராய் ஆற்று மன்றத்தை அமைத்தார்கள். முதல் தலைவர் ஆன் போலினா. 2020இல் அந்த மன்றம் ஆற்றுப் பாதுகாப்புக்கான திட்ட வரைவு ஒன்றையும் வெளியிட்டது.

பிரகடனத்துக்கு மாநிலச் சட்டத்தில் கட்டாயப்படுத்தும் வலு இல்லை. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நியூசிலாந்தில் வாங்கனூயி நதி 2017இல் நாடாளுமன்றச் சட்டத்தாலேயே சட்ட ஆளுமை பெற்றது. அதே ஆண்டு உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அந்தத் தகுதியை அளித்தது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. மெல்போர்ன் வழியே ஓடும் யார்ரா ஆற்றை, விக்டோரியா மாநிலம் 2017இல் உயிருள்ள ஒருமித்த இயற்கை வடிவமாகச் சட்டத்தில் ஏற்றது. மார்த்துவாராவுக்கு இன்னும் அப்படி எதுவும் இல்லை.

ஆனால் போலினாவும் உடன் எழுதியவர்களும் கேட்பது இவற்றிலிருந்து சற்று வேறுபட்டது. சட்ட ஆளுமை என்பது அரசு தருவது. தந்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கங்கை விஷயத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. நிறுவனங்களுக்குப் பொருத்திய சட்டையை நதிக்கும் மாட்டிவிடுவதில் வேறு சிக்கல்களும் உண்டு: நதி வழக்குப் போடலாம் என்றால், வெள்ளச் சேதத்துக்கு நதிமீதும் வழக்குப் போடலாமா? 2021 கட்டுரை இதற்கு மாற்றாக ‘மூதாதை ஆளுமை’ என்ற கருத்தை வைக்கிறது. நதி ஏற்கெனவே ஓர் ஆள். அது அரசுக்கு முந்தியது. அரசு செய்ய வேண்டியது புதிதாக எதையும் கொடுப்பதல்ல, இருப்பதை ஒப்புக்கொள்வது. அந்த நதியோடு மனிதருக்கு இருப்பது உரிமை மட்டுமல்ல, கடமையும். சட்டக் கல்லூரிகளில் இது இன்று விவாதமாகிவிட்டது. ஆற்றங்கரையில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன ஒன்று, அடிக்குறிப்புகளோடு ஆய்விதழில் நிற்கிறது. அதை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதே போலினாவின் பெரிய சாதனை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கருத்துக்கு நடைமுறையில் ஏதாவது பயன் இருந்ததா? இருந்தது. 2017 தேர்தலில் மேற்கு ஆஸ்திரேலிய லேபர் கட்சி, ஃபிட்ஸ்ராயிலும் அதன் கிளையாறுகளிலும் அணை கட்ட விடமாட்டோம் என்று வாக்குறுதி அளித்தது. 2020இன் இறுதியில் மாநில அரசு தண்ணீர்ப் பங்கீடு பற்றிய விவாத அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஆற்றிலிருந்து ஆண்டுக்கு 300 கிகா லிட்டர், அதாவது 30,000 கோடி லிட்டர் வரை எடுப்பது குறித்த யோசனை அதில் இருந்தது. மக்களிடம் கருத்துக் கேட்டபோது 43,000க்கும் மேற்பட்ட மடல்கள் குவிந்தன. மிகப் பெரும்பான்மை ஆற்றைக் காக்கச் சொன்னவை. கிம்பர்லியின் மொத்த மக்கள்தொகையே அதைவிடக் குறைவுதான். ஆற்றை ஒருபோதும் நேரில் பார்க்காத பெர்த், சிட்னிக்காரர்கள் எழுதாமல் இந்த எண்ணிக்கை வந்திருக்காது. அவர்களுக்கு ஆற்றை அறிமுகப்படுத்தியதில் படங்களுக்கும் பங்கு உண்டு என்று தயங்காமல் சொல்லலாம்.

2023 ஜனவரியில் வலுவிழந்த எல்லி புயல் கிம்பர்லியின்மேல் நிலைகொண்டு கொட்டித் தீர்த்தது. ஃபிட்ஸ்ராய் கிராசிங்கில் நீர்மட்டம் 15.81 மீட்டரைத் தொட்டது. முந்தைய உச்சம், 2002இல், 13.95 மீட்டர். மாநிலத்தின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நெடுஞ்சாலைப் பாலம் உடைந்தது. ஆற்றோரத் தொல்குடிக் குடியிருப்புகள் மூழ்கின. மக்களை ஹெலிகாப்டரிலும் விமானத்திலும் வெளியேற்றினார்கள். புதிய பாலம் அந்த ஆண்டு டிசம்பரிலேயே திறக்கப்பட்டது. வீடிழந்தவர்கள் ஊர் திரும்ப அதைவிட நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. புவி வெப்பமாகும் காலத்தில் இந்த ஆறு எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வியை அந்த வெள்ளம் எல்லார் வாசலிலும் கொண்டுவந்து வைத்தது. அணைகளையும் கரைகளையும் நம்பித் திட்டமிடுவோர் கம்பாலின் கதையை மறுபடி படிப்பது நல்லது.

போலினா தன் உரைகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது நாட்டின் மறுகோடியில் உள்ள மரே-டார்லிங் ஆறுகளை. பருத்திக்கும் மற்றப் பாசனத்துக்கும் அங்கே பல பத்தாண்டுகளாகத் தண்ணீர் எடுத்தார்கள். 2023 மார்ச்சில் மெனிண்டி ஊர் அருகே டார்லிங் ஆற்றில் கோடிக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. நீரில் பிராணவாயு தீர்ந்துவிட்டது. அந்தப் படுகையைச் சீரமைக்க அரசு செலவழிக்கும் தொகை பல நூறு கோடி டாலர். இங்கே அந்தத் தவறை முதலிலேயே செய்யாமல் இருக்கலாமே என்பதுதான் மார்த்துவாரா மக்களின் கேள்வி. 2022இல் அதே மரே-டார்லிங் படுகை ஆணையத்தின் சமூக, பொருளாதார, சுற்றுச்சூழல் அறிவியல் ஆலோசனைக் குழுவில் போலினாவும் உறுப்பினரானார்.

கிம்பர்லியில் இப்போது விவாதம் ஆற்றுநீரிலிருந்து நிலத்தடி நீருக்கு நகர்ந்திருக்கிறது. வறட்சிக் காலத்தில் மடுக்களைக் காப்பாற்றுவதில் நிலத்தடியிலிருந்து ஊறிவரும் நீருக்கும் பங்குண்டு. பண்ணைகள் ஆழ்துளையிட்டு அதை எடுத்தால் பாதிப்பு மேலே தெரியச் சில ஆண்டுகள் ஆகலாம். ஒவ்வொரு உரிமத்தையும் தனித்தனியாகப் பார்க்காமல், ஆறு தொடங்கும் மலையிலிருந்து கடல் வரை முழு வடிநிலத்துக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறது ஆற்று மன்றம். அந்தக் கணக்கைப் போடும் மேசையில் நீரியல் வல்லுநர்களோடு, எந்த மடு எந்த ஆண்டில் வற்றியது என்று சொல்லத் தெரிந்த மூத்தவர்களும் உட்கார வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அவர்கள் சொல்லக்கூடியதில் ஒரு பகுதி ஏற்கெனவே படங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் பதிவாகி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கிறது.